ஓடாத படங்களைப் பற்றி எழுதியவர்

“இத எழுதி இன்னா ஆவப்போவுது, சொல்லு தங்கச்சி?”

ஒவ்வொரு விமரிசனத்தையும் எழுதி முடித்துவிட்டு என் கடைக்கு வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பழவேற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே எனக்கு அப்போது ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆதார் அட்டைக்கு லேமினேஷன், பிள்ளைகளுக்குப் பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, எல்லாம் உண்டு. “ஒண்ணும் ஆவாது. போய்ப் பொழப்பப் பாருண்ணா” என்பேன். “அதான் நானும் நெனைச்சேன்” என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என் மேஜைமேல் வைப்பார். நான் அதை டைப் அடித்து அவருடைய பிளாக்கில் ஏற்ற வேண்டும்.

அவரால் போனில் டைப் அடிக்க முடியாது. காலமெல்லாம் கயிறு இழுத்த விரல். ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். அதனால் பிளாக்கைத் திறந்து கொடுத்ததும் நான், அதன் பாஸ்வேர்டும் என்னிடம். அவர் அதைக் கேட்டதே இல்லை. “நீ வெச்சிக்கோ, நான் மறந்துருவேன்” என்றார். கருவாட்டு வாசனை அடிக்கும் அந்தத் தாள்களை அடித்து அடித்துத்தான் எனக்குத் தமிழ் டைப்பிங் கைவந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் எங்கள் குப்பத்துக்காரர்தான். எனக்கு அண்ணன் முறை. பெயர் வேண்டாம். குப்பத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. சினிமா என்றால் அவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை வெளியாகும் பெரிய நடிகர் படம் எதையும் அவர் தொட மாட்டார். “அதுக்கு எழுதறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் கீறான்” என்பார். அவர் பார்ப்பது ஓடாத படங்கள். ஒரே ஒரு தியேட்டரில் மூன்று நாள் ஓடியது, பெட்டியைவிட்டே வெளியில் வராதது, யாரோ ஒரு தயாரிப்பாளர் நிலத்தை விற்று எடுத்துவிட்டுப் பிறகு வாயே திறக்காதது. யாராவது புண்ணியவான்கள் இவற்றை யூடியூபில் ஏற்றி வைத்திருப்பார்கள். இவர் தேடிப் பிடிப்பார்.

தேடிப் பிடித்ததையும் இஷ்டத்துக்குப் பார்க்க மாட்டார். அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஏரியின் வழக்கம் கொஞ்சம் தெரிய வேண்டும். இங்கே இறால் பிடிக்க நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. பாட்டில் பெயர் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் சீட்டுப் போட்டு நாளும் இடமும் ஒதுக்குவார்கள். முகத்துவாரத்துப் பக்கம் விழுந்தால் கூடை நிறையும். சேற்றுப் பக்கம் விழுந்தால் நண்டு கத்தரித்த வலையோடு திரும்பலாம். எது விழுந்தாலும் போக வேண்டும், முனகக் கூடாது.

அவர் படங்களின் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு டம்ளரில் போட்டு வைத்திருந்தார். பாடு இல்லாத நாட்களில் ஒரு சீட்டு எடுப்பார். வந்தது எதுவானாலும், கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து, வெளிச்சம் அடிக்காமல் போன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, தலையையும் உள்ளே விட்டு முழுசாகப் பார்ப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் ஆவி பிடிப்பது போல இருக்கும். அவர் சம்சாரம் சொல்வார்: “எவனும் பாக்காத படத்தப் பாத்து எவனும் படிக்காத எடத்துல எழுதறாரு. கேட்டா ஒயுங்கா எழுதணுமாம்!”

ஒழுங்கு என்றால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான். பார்க்காததை எழுதக் கூடாது. இதில் அவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

ஒருமுறை ஒரு விமரிசனத்தின் நடுவில் இப்படி எழுதியிருந்தார்: “இடைவேளைக்குப் பிறகு நான் சிறிது நேரம் தூங்கிவிட்டேன். அந்தப் பகுதி நன்றாகவும் இருந்திருக்கலாம்.” டைப் அடித்துக்கொண்டே நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், மறுநாள் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு வந்து, “நன்றாக இல்லை” என்று ஒரு வரி சேர்த்தார்.

இன்னொரு படத்தில் கதாநாயகன் கடற்கரையில் நின்று “கொண்டல் அடிக்குது” என்கிறானாம். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று, எங்கள் கரையில் அது கடலிலிருந்து வரும். “ஆனால் அவன் தலைமுடி கடலைப் பார்த்துப் பறக்கிறது” என்று எழுதினார். அதோடு விட்டாரா? இல்லை. “ஒருவேளை மேற்குக் கடற்கரையில் எடுத்திருக்கலாம். அப்படியென்றால் முடியும் சரி, வசனமும் சரி.” இந்த நியாயத்தை அந்தப் படத்தை எடுத்தவனே தனக்குச் செய்துகொண்டிருக்க மாட்டான்.

பசியாவரத்திலிருந்து ஒரு வாத்தியார் ஸ்வீட் பெட்டியோடு வந்தார். ஏதோ ஒரு படத்தில் ஒரே ஒரு காட்சியில் அவர் நடித்திருந்தார். அந்தப் படமும் டம்ளரில் இருந்தது. “நம்மளப் பத்தி நாலு வார்த்தை நல்லா போடுங்க” என்று கேட்டார். அண்ணன் பெட்டியை வாங்கவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்தச் சீட்டு வருகிறவரை ஐந்து மாதம் காத்திருக்க வைத்தார். பிறகு எழுதினார்: “வீட்டுக்காரராக வருபவர் கதவைத் திறக்கும் விதம் நன்றாக இருக்கிறது. நிஜமாகவே தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் திறப்பது போல இருந்தது.” அவ்வளவுதான். வாத்தியார் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுக்கச் சொல்லி, லேமினேஷனும் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியெல்லாம் நடந்தும் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஏன் வரும்? படித்தவர்கள் எத்தனை பேர் என்று பிளாக்கில் ஒரு எண் காட்டும். பெரும்பாலும் ஏழு, எட்டு. அதில் நாலு நான் திறந்து சரிபார்த்தது. ஒரே ஒரு தடவை யாரோ ஒருவர் பின்னூட்டம் போட்டார்: “ப்ரோ, டவுன்லோடு லிங்க் இருக்கா?” அதற்கு என்ன பதில் எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், லிங்க் இல்லை என்பதையும், படத்தின் முதல் பாதியை எதற்காகப் பார்க்கலாம் என்பதையும் பதினோரு வரியில் எழுதிக் கொடுத்தார். கேட்டவன் திரும்ப வரவே இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் வந்து வெறும் கையோடு உட்கார்ந்தார். “நிறுத்திடலாம்னு கீறேன் தங்கச்சி” என்றார். நான் வழக்கம்போல, “நல்லது. எனக்கும் கரண்டு மிச்சம்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். “வெளையாட்டு இல்ல. மீன் புடிச்சா யாரோ ஒருத்தன் துன்றான். இது யாருக்கு? ஒரே ஒருத்தருக்காவது ஒரே ஒரு வாட்டி இது தேவைப்பட்டுச்சுனா போதும். அப்பிடி ஒண்ணு நடந்துச்சா? நீயே சொல்லு.” அன்றைக்கு நான் வாத்தியாரைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

அந்த வாரமேதான் என் தம்பியின் விஷயம் கிளம்பியது.

தம்பிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பாட்டில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பஞ்சாயத்தில் மனு கொடுத்தான். அப்பன் பாட்டில் இருந்திருந்தால் பிள்ளைக்கு உரிமை. எங்கள் நைனாவோ பாதி நாள் காசிமேட்டில் லாஞ்சுப் படகில் வேலை, பாதி நாள் வீடு என்று இருந்த மனுஷன். செத்து ஆறு வருஷமாகிறது. அவர் பாடு எடுத்ததே இல்லை என்று சிலர் சொன்னார்கள். ஒரு வருஷம் எடுத்தார் என்று நாங்கள் சொன்னோம். பழைய நோட்டு ஒரு புயலில் நனைந்து கூழாகிவிட்டது. கூடத் தொழில் செய்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் ஒரு சினிமா. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் குப்பத்தில் படம் எடுக்க வந்தார்கள். கதாநாயகி தோணியில் ஏறியதும் வாந்தி எடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கதாநாயகன் வலை போடுவது போல எடுக்க வேண்டும் என்றார் டைரக்டர். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. “நடிப்போ நெசமோ, தண்ணில எறங்குனா அது வலை. இன்னிக்குப் பாடு யாருக்கோ அவன்தான் போடுவான்” என்றுவிட்டார்கள். கடைசியில் கதாநாயகன் தோணியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அன்றைக்குப் பாடு உள்ளவர்கள் நிஜமாகவே வலை போட்டார்கள், அதைத்தான் எடுத்தார்கள். “என் வலையிலதான் அந்தப் படமே எடுத்தாங்க” என்று நைனா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியில் வலை போட்டது நைனா என்று காட்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, அவர் பாட்டில் இருந்தவர்தான். அன்றைக்கு மறித்த பெரியவர்களில் இப்போது யாரும் இல்லை. நான் அன்றைக்குக் கரையில் நின்றேன். கரையிலிருந்து தோணிகள் எறும்பு மாதிரிதான் தெரிந்தன. தெரிந்திருந்தாலும், சொந்த மகள் சொன்னால் சாட்சியாகாது என்றார்கள். அதில் மட்டும் ரொம்பக் கறார்.

படம் பொன்னேரியில் ஒரு தியேட்டரில் நாலு நாள் ஓடியதாம். குப்பத்தில் யாரும் பார்க்கவில்லை. பிறகு யூடியூபில் கொஞ்ச காலம் இருந்து, அங்கிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதை முழுசாகப் பார்த்த ஆள் ஊரில் ஒருவர்தான். அவர் அதைப் பற்றி மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதியும் இருந்தார். பஞ்சாயத்துத் தலைவரே சொன்னார்: “அவன் கண்ணால பாக்காதத எழுத மாட்டான். இந்தத் தகராறுக்கு முன்னாடியே எழுதுனது வேற. அந்தக் காயிதத்த எடுத்தாங்க, பாக்கலாம்.”

நான் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் வலை காய வைத்துக்கொண்டிருந்தார். “பாத்தியாண்ணா, உன் எழுத்து ஊருக்கே தேவைப்படுது!” என்றேன். அப்போது அவர் முகம் மலர்ந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், வலையை உதறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

“எங்க நைனாதான வலை போட்டாரு?”

சிரிப்பு போய்விட்டது. “மொதுகுதான் தெரியுது தங்கச்சி. கேமராவப் பின்னாடி வெச்சிட்டானுங்க. அப்பிடியேதான் எழுதிகீறேன்.”

“நைனாவா இருக்கலாமில்ல?”

“இருக்கலாம். வலைய ஒதர்ற தோரணை அவரு மாரிதான் கீது. ஆனா மொகத்த நான் பாக்கல.”

“பாத்தேன்னு சொன்னா இன்னாண்ணா? யாருக்குத் தெரியும்?”

அவர் கோபிக்கவில்லை. வலையில் சிக்கியிருந்த சிப்பி ஒன்றை எடுத்துத் தூரப் போட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் பேர் தெரியாத நடிகனின் தலைமுடிக்கு இவ்வளவு நியாயம் பார்க்கிற மனுஷன், என் தம்பியின் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க மாட்டாராமா!

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பிளாக்கைத் திறந்தேன். “வலை போடுகிறவரின் முதுகு மட்டும் தெரிகிறது” என்று இருந்தது. அதை அழித்தேன். “வலை போடுகிறவர் எங்கள் குப்பத்துக்காரர்” என்று அடித்து நைனாவின் பெயரைச் சேர்த்தேன். “முகம் நன்றாகத் தெரிகிறது” என்று ஒன்றையும் ஒட்டினேன். ஆசை யாரை விட்டது? பிரின்ட் எடுத்துத் தம்பி கையில் கொடுத்தேன். வரியை மாற்றியதை அவனிடமும் சொல்லவில்லை. கூட்டத்தில் அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார், வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலைக்கொட்டகையில் கூட்டம். ஆண்கள் உள்ளே, நாங்கள் பெண்கள் சிலர் வெளியில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். செயலாளர் தாளை வாங்கி உரக்கப் படித்தார். குறிப்பிட்ட வரியை மட்டும் படிப்பார் என்று நினைத்தேன். அவரோ தலைப்பிலிருந்து ஆரம்பித்தார். அறுபது எழுபது பேர் சத்தமில்லாமல் கேட்டார்கள். கதாநாயகி வாந்தி எடுத்ததால் பாட்டுக் காட்சியில் அவள் முகம் வெளிறியிருப்பதைப் பற்றி அவர் எழுதியிருந்த இடத்தில் சிரித்தார்கள். கேலி இல்லை, நல்ல சிரிப்பு. அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் மனப்பாடம். செயலாளர் படிக்கப் படிக்க அவர் உதடும் கூடவே அசைந்தது.

அந்த வரி வந்தது. உதடு நின்றுவிட்டது. என்னைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னாப்பா, நீ எழுதுனதுதான?” என்று தலைவர் கேட்டார்.

அவர் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். “பதிவு என்னுதுதான்.”

“அப்போ இவன் நைனா மொகத்த நீ பாத்த?”

“இல்ல.”

“எழுதிகினு கீறியே?”

“மொதுகுதான் தெரிஞ்சுது. மொகம் தெரிஞ்ச மாரி எழுதிட்டேன். தப்பு என்னுது.”

கொட்டகையில் ஒரே சத்தம். “பாக்காதத எழுத மாட்டேன்னு பெருமை பீத்திக்குவியே!” என்றான் ஒருவன். “மொத்தப் படத்தையுமே பாத்தானோ இல்லியோ” என்றான் இன்னொருவன். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் தாளை மடித்துத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் கழியைப் பிடித்தபடியே நின்றேன். “மாத்தினது நான்தான்” என்று இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடையில் அவ்வளவு பேசுகிற வாய்.

காகிதம் செல்லாது, சாட்சி வேறு கிடைத்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடித்தார்கள். தம்பி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். அவனை இரண்டு வருஷம் கழித்துப் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள், சாட்சி கேட்காமலே, பத்துப் பேர் உட்கார்ந்து பேசி.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் பின்னாலேயே ஓடினேன். “நான்தான்னு ஏண்ணா சொல்லல?”

“பொய்க் காயிதம் குடுத்த குடும்பம்னு ஆயிட்டா உன் தம்பிக்கு அடுத்த வருசமும் கெடைக்காது, எந்த வருசமும் கெடைக்காது.” நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் தப்பா எழுதுனா யாருக்கு இன்னா நஷ்டம்? சினிமா எழுதறவன் தான? ஓடாத படத்துக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடு ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன். “சரி சரி, வூட்டுக்குப் போ” என்றார்.

மறு வாரம் ஒரு தாள் கொண்டுவந்தார். எழுதி இன்னா ஆவப்போவுது என்று கேட்கவில்லை. தாளில் மூன்றே வரி. இன்ன படத்தைப் பற்றிய பதிவில் வலை போடுகிறவரின் முகம் தெரிவதாக எழுதியிருப்பது தவறு, முதுகு மட்டும்தான் தெரிகிறது, பொறுத்துக்கொள்ளவும் என்று இருந்தது. நான் டைப் அடித்தேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஏற்றி முடித்துவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, “அடுத்த படம் எப்பண்ணா?” என்றேன்.

“பாக்கறது பாப்பேன். இனிமே எழுத மாட்டேன்.”

“ஏண்ணா? ஊர்க்காரனுங்க சிரிச்சதுக்கா? அவனுங்க இன்னா படிக்கவா போறானுங்க? இத்தன வருசமா யாரு படிச்சா?”

பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார்.

“நீ படிச்சியே தங்கச்சி” என்றார்.